வேலூர் வெயிலுக்குப் புது வீட்டில் எந்த ஃபேன்? கான்கிரீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்

கழிஞ்சூர்_புதுமனை

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் கழிஞ்சூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளம் மட்டும்தான். மேலே மாடி இப்போதைக்கு இல்லை. சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது, கம்பி கட்டுகிறார்கள், மழை விட்டால் ஒன்பது நாளில் கான்கிரீட். நேற்று மேஸ்திரி கூப்பிட்டு, "ஃபேன் ஹூக் எங்கெங்கே வரணும்னு சொல்லிடுங்க, அப்புறம் மாத்த முடியாது" என்றார். "ரூமுக்கு நடுவில்தானே" என்றேன். "எதுக்கு நடுவுல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஹால் 20க்கு 12 அடி. ஒரு பெட்ரூம் 12க்கு 11. அம்மாவுக்கு ஒரு சின்ன அறை, 9க்கு 8. அப்புறம் சமையலறை. உள்ளே உயரம் 10 அடி.

ஆறு வருடமாகச் சத்துவாச்சாரியில் வாடகைக்கு மேல்மாடியில் இருக்கிறோம். மே மாதம் இரவு 11 மணிக்கு ஸ்டூல் மேல் ஏறி ஸ்லாபைத் தொட்டால், அடுப்பை அணைத்து அரை மணி ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். அதன் கீழே ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி, மதியம் பெரும்பாலும் படுக்கையில்தான். சொந்த வீட்டிலாவது அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

ஊரில் ஒரு கடையில் கேட்டேன். ஐந்து இறக்கை ஃபேன்தான் காற்று அதிகம் தரும் என்றார்கள். இன்னொரு கடையில் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன்) வாங்குங்கள், கரண்ட் பில் பாதியாகும் என்றார்கள். எது உண்மை? எந்த அறைக்கு எந்த அளவு?

சத்துவாச்சாரி_சிவில்

மேஸ்திரி கேட்டது மிகச் சரியான கேள்வி. நல்ல மேஸ்திரி கிடைத்திருக்கிறார்.

ஹூக்கை அறைக்கு நடுவில் வைக்காதீர்கள், ஆள் இருக்கும் இடத்துக்கு நடுவில் வையுங்கள். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. காற்று தோலில் படும்போது வியர்வை காய்கிறது, அதனால்தான் நமக்குக் குளுமை. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் மோட்டார் சூடுதான் மிச்சம். ஆகவே முதலில் கட்டில் எங்கே, சோபா எங்கே, சாப்பாட்டு மேசை எங்கே என்று தாளில் வரையுங்கள்.

ஹால் 20க்கு 12 என்றால் ஒரு ஃபேன் போதாது. 20 அடி நீளத்தில் ஒரு சுவரிலிருந்து 5 அடியில் ஒன்று, 15 அடியில் ஒன்று. இரண்டுக்கும் 10 அடி இடைவெளி. குறுக்கே இரண்டும் 6 அடியில் நேர்கோட்டில் வரட்டும். இரண்டும் 1200 மி.மீ., அதாவது நாம் சொல்லும் 48 அங்குலம். ஒரே 1400 மி.மீ. ஃபேனை நடுவில் மாட்டினால் நடுவில் நடப்பவருக்குத்தான் காற்று வரும். உட்கார்ந்திருப்பவருக்கு வராது.

பெட்ரூமில் லாஃப்ட், அதாவது பரண், உண்டா?

கழிஞ்சூர்_புதுமனை

உண்டு சார். 12 அடி பக்கத்தில் வடக்குச் சுவரில் 2 அடி லாஃப்ட். அம்மா அறையிலும் கிழக்குச் சுவரில் 2 அடிக்கு யோசித்தோம். அது இன்னும் போடவில்லை, கடப்பா கல்லில் பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

சத்துவாச்சாரி_சிவில்

அப்படியானால் பெட்ரூமில் லாஃப்ட் போக மீதி 10 அடி. அதன் நடு எதுவோ அதுதான் உங்கள் நடு. வடக்குச் சுவரிலிருந்து 7 அடி, தெற்கிலிருந்து 5 அடி. அறை நடுவிலிருந்து ஓர் அடி தள்ளி வருகிறது. பார்க்க ஒரு மாதிரி இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். லாஃப்டில் பெட்டி, பாய் எல்லாம் அடுக்கிய பிறகு இறக்கை நுனிக்கும் அதற்கும் 3 அடி இடைவெளி இருந்தால்தான் காற்று தடையில்லாமல் இழுபடும்.

உயரம்: இறக்கைக்கும் ஸ்லாபுக்கும் நடுவே குறைந்தது 30 செ.மீ., தரையிலிருந்து ஃபேனின் அடிப்பாகம் வரை குறைந்தது 2.4 மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ள அளவு இது. உங்கள் 10 அடி உயரத்துக்குக் கூடவே வரும் 12 அங்குல ராடு சரியாகப் பொருந்தும். ஃபால்ஸ் சீலிங் ஆசை இருந்தால் இப்போதே சொல்லுங்கள், கணக்கு மாறிவிடும். ராடைக் குட்டையாக வெட்டி ஃபேனைக் கூரையோடு ஒட்ட வைத்தவர்கள் வீட்டில் எல்லாம் ஒரே புகார்தான்: சத்தம் வருகிறது, காற்று வரவில்லை. மேலேயிருந்து இழுக்கக் காற்று இருந்தால்தானே கீழே தள்ளும்.

இன்னொன்று. எல்இடி விளக்குப் பாயின்டை இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மேலே வைத்துவிடாதீர்கள். நிழல் வெட்டி வெட்டி விழும், புத்தகம் படிக்க முடியாது.

குடியாத்தம்_மின்பணி

26 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். கான்கிரீட்டுக்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே சந்தோஷம். பெரும்பாலோர் பூச்சு வேலை முடிந்த பிறகுதான் கூப்பிடுவார்கள்.

ஃபேன் பாக்ஸை, அதாவது ஹூக் இருக்கும் பெட்டியை, மேஸ்திரி வைத்ததும் நீங்களே சென்ட்ரிங் மேல் ஏறிப் பாருங்கள். ஹூக் கம்பி 12 மி.மீ. இருக்கட்டும். அதன் இரு முனையும் ஸ்லாப் கம்பிக்கு மேலாகப் போய்க் கட்டுக்கம்பியால் கட்டியிருக்க வேண்டும். சும்மா பாக்ஸுக்குள் நிற்கக் கூடாது. கான்கிரீட் கொட்டும்போது மிதித்தே நகர்த்திவிடுவார்கள், ஆகவே அன்றைக்கு ஒரு ஆள் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பாக்ஸுக்குள் சிமெண்ட் பால் இறங்காமல் காகிதமோ தெர்மாகோலோ அடைத்துவிடுங்கள்.

வயர் 1.5 சதுர மி.மீ. போதும். பிஎல்டிசி வாங்கினாலும் சுவிட்ச் போர்டில் ரெகுலேட்டருக்கு இடம் விட்டு வையுங்கள். நாளைக்கே சாதா ஃபேன் மாட்ட வேண்டி வந்தால் சுவரை உடைக்க வேண்டாம். ஆனால் பிஎல்டிசிக்குப் பழைய ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அதன் வேகத்தை அதன் உள்ளே இருக்கும் போர்டுதான் மாற்றும். நேரடி சுவிட்ச் மட்டும் போதும்.

இறக்கை கணக்கு: ஐந்து இறக்கை என்றால் காற்று அதிகம் என்பது தப்பு. இறக்கை கூடினால் மோட்டாருக்குப் பாரம், வேகம் குறையும், சத்தமும் குறையும். காற்று கூடாது. நம் ஊர் வெயிலுக்கு அகலமான மூன்று அலுமினிய இறக்கை போதும்.

ஆற்காடு_அகிலா

அந்த ஐந்து இறக்கை விஷயத்தை நான் பட்டே தெரிந்துகொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்னால் ஆற்காட்டில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஹாலுக்கு மர நிறத்தில் ஐந்து இறக்கை, நடுவில் விளக்கு வைத்த ஃபேன் வாங்கினேன். கடையில் பத்து ஃபேன் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் காற்று எதிலிருந்து வருகிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். வைகாசியில் என் மாமியார் சோபாவை விட்டு எழுந்து பழைய டேபிள் ஃபேன் முன்னால் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துப் படித்தேன். நிமிடத்துக்கு 165 கன மீட்டர் என்று போட்டிருந்தது. பெட்ரூமில் இருக்கும் சாதாரண வெள்ளை ஃபேனின் பெட்டியில் 230. விலை மட்டும் ஐந்து இறக்கைக்கு மூன்று மடங்கு.

ஒரு நாள் சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றி சோபா கைப்பிடி உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். புகை லேசாக வளைந்து மேலே போனது, அவ்வளவுதான். பெட்ரூம் கட்டில் மேல் அதே பத்தியைப் பிடித்தால் புகையே கண்ணில் படவில்லை, வந்த வேகத்தில் கலைந்துவிட்டது. கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

சத்துவாச்சாரி_சிவில்

அகிலா அக்கா சொன்ன எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டது. நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் அதில் இருக்கும் மற்ற எண்களையும் படியுங்கள். காற்று அளவு கன மீட்டரில் இருக்கும். அதை வாட்ஸால் வகுத்தால் வருவது சர்வீஸ் வேல்யூ, அதாவது ஒரு வாட் கரண்டுக்கு எவ்வளவு காற்று என்பது. 220 கன மீட்டர் தரும், லேபிளுக்கு முந்தைய பழைய சாதா ஃபேன் 75 வாட்ஸ் எடுத்தால் 2.9. அதே 220-ஐ பிஎல்டிசி 32 வாட்ஸில் தந்தால் 6.9.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காற்றைக் குறைத்து வாட்ஸை இன்னும் குறைத்தாலும் சர்வீஸ் வேல்யூ நன்றாகத்தான் வரும். ஸ்டார் ஐந்து இருக்கும், காற்று இருக்காது. ஆகவே 1200 மி.மீ. ஃபேனுக்கு முதலில் 220-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் வாட்ஸ்.

ராணிப்பேட்டை_ஷிப்ட்

எல்லோரும் பிஎல்டிசி என்கிறீர்கள். நான் வேறு சொல்கிறேன்.

தோல் தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிப்ட். காலை 7 மணிக்கு வீடு வந்து 9 மணிக்குப் படுப்பேன். மற்றவர்களுக்கு ஃபேன் இரவுத் தூக்கத்துக்கு, எனக்குப் பகல் தூக்கத்துக்கு. போன சித்திரையில் ஒரு கோடை இடி மழை. கரண்ட் போய் வந்தது, என் பிஎல்டிசி ஃபேன் அசையவில்லை. ரிமோட்டில் பேட்டரி மாற்றினேன், சுவிட்சை அணைத்துப் போட்டேன், ஒன்றும் இல்லை. உள்ளே போர்டு போய்விட்டது. வாரன்டி இருந்தது. ஆனால் போர்டு வர 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் பக்கத்து வீட்டில் வாங்கிய டேபிள் ஃபேனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். ஒரு நாள் தூக்கம் கெட்டால் இரவில் மிஷின் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும்.

சாதா ஃபேன் என்றால் கண்டென்சர் போகும். தெருமுனை எலெக்ட்ரிஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போவார். காயில் போனாலும் ஊரிலேயே கட்டித் தருவார்கள். வீட்டில் ஒரு அறையிலாவது சாதா ஃபேன் இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

குடியாத்தம்_மின்பணி

தம்பி சொல்வது நியாயம். நானும் இப்படி நாலைந்து போர்டு பார்த்திருக்கிறேன். மெயின் போர்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுப்பது) ஒன்று வைத்து எர்த்தும் சரியாக இருந்தால் இது குறையும். முழுக்க நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எதிர்ப்பக்கமும் கேளுங்கள். எங்கள் குடியாத்தம் பக்கம் கோடை ராத்திரியில் வோல்டேஜ் இறங்கும். எல்லா வீட்டிலும் ஃபேன், ஏசி ஓடும் நேரம். சாதா ஃபேன் வோல்டேஜோடு சேர்ந்தே இறங்கும். சரியாகத் தூக்கம் வேண்டிய நேரத்தில்தான் அது சோர்ந்துபோகும். பிஎல்டிசி அந்த வோல்டேஜிலும் அதே வேகத்தில் சுற்றும். தறி ஓட்டும் வீடுகளில் இதற்காகவே மாற்றச் சொல்கிறார்கள்.

இன்வெர்ட்டர் கணக்கும் உண்டு. 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் உருப்படியாகக் கிடைப்பது ஏறக்குறைய 1200 வாட் மணி. நாலு பழைய சாதா ஃபேன் 300 வாட்ஸ், 4 மணி நேரம் வரும். நாலு பிஎல்டிசி 130 வாட்ஸ் கூட இல்லை, 9 மணி நேரம். ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் அம்மா தூங்கலாம்.

கழிஞ்சூர்_புதுமனை

பில் உண்மையிலேயே பாதியாகுமா அண்ணா?

சத்துவாச்சாரி_சிவில்

மொத்த பில் பாதியாகாது, பழைய சாதா ஃபேனோடு பார்த்தால் ஃபேன் எடுக்கும் கரண்ட் பாதிக்கும் கீழே போகும். ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். பழைய சாதா 75 வாட்ஸ் என்றால் நாளுக்கு 1.125 யூனிட், நம் இரண்டு மாதக் கணக்குக்கு 67 யூனிட். பிஎல்டிசி 30 வாட்ஸ் என்றால் 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், நாலுக்கு 160. யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் 800 ரூபாய். நமக்கு அடுக்குக் கட்டணம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் விலையும் சேர்ந்து ஏறும், ஏசி வைத்த வீட்டுக்கு அந்த 160 யூனிட் பெரிய விஷயம்.

மார்கழியில் யாரும் 15 மணி நேரம் ஓட்டப் போவதில்லை. அதையும் கழித்தால், கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வரக் கொஞ்ச காலம் ஆகும். விருந்தினர் அறை, பூஜை அறை போன்ற இடத்துக்குப் பிஎல்டிசி வாங்குவது வீண் செலவு. அங்கே சாதா ஃபேனே போதும்.

வாலாஜா_ஓய்வு

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். வாலாஜாபேட்டையில் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறேன். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியது, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், உச்சியில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு. உயரம் 13 அடி. 1978-இல் வாங்கிய ஃபேன் 4 அடி ராடில் தொங்குகிறது, ஒரே ஒரு முறை காயில் கட்டினேன். மே மாதம் மதியம் அதன் கீழே ஈசிசேரில் தூங்குகிறேன். என் மகன் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டில் விலை உயர்ந்த ஃபேன்கள்தான் எல்லா அறையிலும். மதியம் ஆனால் பேரப்பிள்ளைகள் இங்கே வந்துவிடுகிறார்கள்.

வேலூரைப் பற்றி மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று பழமொழியே உண்டு. சென்னைக்காரர்களுக்குச் சாயங்காலம் ஆனால் கடற்காற்று. நமக்குச் சுற்றிலும் பாறை. பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி திருப்பிக் கொடுக்கிறது. உன் கான்கிரீட் ஸ்லாபும் ஒரு பாறைதான் தம்பி. நீ எந்த ஃபேனை மாட்டினாலும் அது ஸ்லாபுக்குக் கீழே தேங்கிய சூட்டைத்தான் உன் அம்மா மேல் இறக்கும். ஃபேன் கடைக்குப் போவதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று சொல்.

கழிஞ்சூர்_புதுமனை

ஐயா, அதை நான் யோசிக்கவே இல்லை. மேஸ்திரி வெறும் சிமெண்ட் பூச்சு என்றுதான் எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறார். பிறகு மாடி எடுத்தால் தட்டோடு வீணாகும் என்றார்.

ஆற்காடு_அகிலா

நாங்களும் அதே காரணத்துக்காகத்தான் தட்டோடு போடாமல் விட்டோம். இரண்டு கோடை பட்டபிறகு மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தோம். முன்பெல்லாம் மதியம் 2 மணிக்குத் துணி எடுக்க செருப்பில்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. அடித்த பிறகு வெறுங்காலோடு நின்று கொடியில் இருந்த துணி முழுக்க மடித்துக்கொண்டு வந்தேன். கண்தான் கூசியது. ராத்திரி 10 மணிக்கு ஹாலில் ஃபேன் காற்று அனலாக வந்தது நின்றுவிட்டது. அதே அழகு ஃபேன்தான்! அதிலேயே வித்தியாசம் தெரிந்தது. வருடா வருடம் பங்குனியில் ஒரு முறை தூசியைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை பழுப்பாகிவிடும்.

சத்துவாச்சாரி_சிவில்

ஐயா சொன்னதில் இருந்துதான் நான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். மதிய வெயில் ஸ்லாபின் அடிப்பக்கம் முழுதாக வந்து சேரும்போது இருட்டிவிடும். அதனால்தான் நீங்கள் 11 மணிக்குத் தொட்டது தோசைக்கல்லாக இருந்தது. மாடி கட்டும் எண்ணம் நாலைந்து வருடத்துக்குள் இல்லை என்றால் தட்டோடு போடுங்கள். உண்டு என்றால் வெள்ளை பெயின்ட். வெறும் சிமெண்ட் பூச்சோடு மட்டும் விடாதீர்கள்.

தோரப்பாடி_செவிலி

71 வயது அம்மா என்றதால் எழுதுகிறேன். இருபது வருடமாக வார்டில் வேலை செய்கிறேன், கோடையில் வரும் முதியவர்களைப் பார்க்கிறேன்.

நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. அறைக் காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை ஃபேன் உடம்புச் சூட்டை எடுத்துப்போகும். அதைத் தாண்டினால் காற்று சூட்டை உள்ளே கொண்டுவரும். வியர்வை காய்வது மட்டும்தான் அப்போது காப்பாற்றும். 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் தெரியாது. கத்திரியில் மதியம் 3 மணிக்கு ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அம்மா தூங்குகிறார் என்று கதவைச் சாத்திப் போகாதீர்கள். நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்திலும் கையிலும் போட்டுவிட்டு ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். மணிக்கு ஒரு தடவை தண்ணீரோ மோரோ கையில் கொடுத்துக் குடிக்க வையுங்கள், கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து மயக்கமாக இருந்தாலோ காத்திருக்காமல் கூட்டி வாருங்கள்.

ஜன்னல்: காலை 9 மணிக்குச் சாத்திவிட்டு, வெளிக் காற்று உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, மாலை 6, 7 மணிக்குத் திறங்கள். மதியம் திறந்து வைத்தால் அனலைத்தான் அழைப்பீர்கள். ஏப்ரல், மே மாதம் நமக்கு ஈரப்பதம் குறைவு. அதனால் ஏசி முடியாதவர்களுக்கு ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், அதற்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அம்மா அறையில் அதற்கு ஒரு பிளக் பாயின்ட் இப்போதே விட்டுவிடுங்கள்.

ராணிப்பேட்டை_ஷிப்ட்

அக்கா சொல்வது நூறு சதவீதம் சரி. பகலில் தூங்குகிறவன் நான், எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று கட்டித் தொங்கவிட்டேன், உள்ளே திரை போட்டதைவிட அதுதான் உதவியது. வெயில் கண்ணாடியில் படுவதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

கழிஞ்சூர்_புதுமனை

அம்மா அறை 9க்கு 8. அதற்கு 900 மி.மீ. ஃபேன் போதுமா?

குடியாத்தம்_மின்பணி

லாஃப்ட் போட்டால் மீதி 7க்கு 8. அதில் 1200 மாட்டினால் இறக்கை நுனிக்கும் லாஃப்டுக்கும் ஒன்றரை அடிதான். சுற்றும், ஆனால் காற்று சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். 900 மாட்டலாம். அது சின்னது என்பதால் வேகமாகச் சுற்றும், சத்தம் கொஞ்சம் வரும், காற்று ஒரே இடத்தில் விழும்.

சத்துவாச்சாரி_சிவில்

என் யோசனை வேறு. அம்மா அறையில் லாஃப்டையே விட்டுவிடுங்கள். லாஃப்ட் இல்லாத 9க்கு 8 அறையில் 1200 தாராளமாகப் போகும், எந்தப் பக்கமும் 2 அடிக்குக் குறையாது. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினால் காற்று பரவலாக, சத்தமில்லாமல் வரும். பழைய பாத்திரம் வைக்க வேறு இடம் கிடைக்கும்.

வாலாஜா_ஓய்வு

ரிமோட் ஒன்று மட்டும் யோசி தம்பி. முழங்கால் வலிக்காரருக்கு ரிமோட் பெரிய உபகாரம், எழுந்து போக வேண்டாம். ஆனால் அது தலையணைக்குக் கீழே போய்விட்டால் ராத்திரி தேட முடியாது. கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டிவிடு.

கழிஞ்சூர்_புதுமனை

முடிவு எடுத்துவிட்டோம். ஹாலில் இரண்டு ஹூக், 5 அடியிலும் 15 அடியிலும். பெட்ரூமில் ஓர் அடி தெற்கே தள்ளி. அம்மா அறையில் லாஃப்ட் கிடையாது, நடு ஹூக், கட்டில் அதற்கு நேர் கீழே. மேஸ்திரியிடம் தாளில் வரைந்து கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இப்ப சொன்னீங்களே, இது கணக்கு" என்றார். மாடி எடுக்க இப்போதைக்குப் பணமில்லை, ஆகவே தட்டோடு. அதற்காக ஹால் ஃபால்ஸ் சீலிங்கையும் அலங்கார விளக்குகளையும் எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். கான்கிரீட் அன்று நானே பாக்ஸ் பக்கத்தில் நின்றேன். இரண்டு முறை நகர்ந்தது, இரண்டு முறையும் சரி செய்தோம்.

கழிஞ்சூர்_புதுமனை

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். சித்திரையில் குடி வந்தோம். கத்திரி முழுக்க இந்த வீட்டில்தான்.

அம்மா அறையிலும் பெட்ரூமிலும் பிஎல்டிசி. ஹாலில் ஒன்று பிஎல்டிசி, இன்னொன்று ராணிப்பேட்டை அண்ணன் சொன்னபடி சாதா ஃபேன். எல்லாம் 1200, மூன்று இறக்கை. ராத்திரி 11 மணிக்கு அதே ஸ்டூலைப் போட்டு ஸ்லாபைத் தொட்டேன். சூடு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது. அம்மா மூன்றாம் வேகத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். ரிமோட் கட்டில் காலில் கயிற்றோடு தொங்குகிறது. விடியற்காலை 4 மணிக்கு வேகம் தானாகக் குறைகிற மாதிரி டைமரும் வைத்திருக்கிறோம், அதனால் போர்வை தேடி எழுவதில்லை. மே மூன்றாம் வாரம் நாலைந்து நாள் மதியம் தாங்கவில்லை. செவிலி அக்கா சொன்னபடி ஈரத் துண்டும் ஏர் கூலரும்தான் கைகொடுத்தன.

ஒரே ஒரு குறை. பெட்ரூம் ஃபேனில் ராத்திரி மட்டும் "டிக், டிக்" என்று ஒரு சத்தம். பகலில் கேட்பதில்லை. நட்டு போல்டு எல்லாம் இறுக்கிவிட்டேன். ஆட்டமும் இல்லை, ஸ்லாபிலிருந்து மூன்று இறக்கை நுனிக்கும் டேப் வைத்து அளந்தேன், ஒரே அளவுதான் வருகிறது.

குடியாத்தம்_மின்பணி

பகலிலும் இருக்கும், தெருச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. ஆட்டம் இல்லை, அளவும் சரி என்றால் ஹூக்கை மறைக்கும் மேல் கப்பைப் பாருங்கள். ஸ்லாபோடு முட்டிக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு ஏறி, கப்பில் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி அரை அங்குலம் கீழே இறக்கி மறுபடி இறுக்குங்கள். அப்படியே ஹூக்கில் மாட்டிய ரப்பர் புஷ் நகர்ந்திருக்கிறதா, ஸ்பிளிட் பின் இரண்டு காலும் விரிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கழிஞ்சூர்_புதுமனை

கப்புதான் அண்ணா. ஒரு பக்கம் ஸ்லாப் பெயின்டில் பிறை மாதிரி தேய்ந்த தடம் இருந்தது. அரை அங்குலம் இறக்கினேன், சத்தம் நின்றுவிட்டது. பின் விரிந்துதான் இருக்கிறது.

குடியாத்தம்_மின்பணி

நல்லது. ஏணி வெளியே இருக்கும்போதே மற்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை மாட்டி உருவுங்கள், தூசி கட்டிலில் கொட்டாது.

கழிஞ்சூர்_புதுமனை

இதோ ஏறுகிறேன். அம்மா உறை எடுத்துக் கொடுத்துவிட்டார்.